மோட்டர் பெட்டிக்கு டச் ஸ்க்ரீன்: தனி சிப் போடுறதா, நேர ஏ.டி.சில குடுக்கிறதா?

சித்தப்பாட தோட்டம் உருத்திரபுரத்தில. மிளகாய், கத்தரி, கொஞ்சம் பயித்தங்காய், எல்லாத்துக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டர். ஆள் விடியவெள்ளண மோட்டரைப் போட்டிட்டு மம்பட்டியால வாய்க்காலை வெட்டி வெட்டி மாத்திக்கொண்டு நிப்பார், கடைசிப் பாத்தி நிரம்புற நேரம் கிணத்தடிக்கு ஓடி வந்து மோட்டரை நிப்பாட்டோணும், மறந்து போனா கிணறு வத்தி மோட்டர் காத்தை இழுக்கும். ஒருநாள் என்னைப் பிடிச்சு, "தம்பி, நீ உந்த சர்க்கிட் எல்லாம் நோண்டுறனி தானே, அமத்தினா ஓடோணும், சொன்ன நேரத்துக்கு நிக்கோணும், அப்பிடி ஒரு பெட்டி செய்து தாவன்" எண்டார்.

நானும் வடிவா இருக்கட்டும் எண்டு ஃபோனில வாற மாதிரி கப்பாசிட்டிவ் டச் உள்ள ஸ்க்ரீன் ஒண்டைப் போட்டுக் குடுத்தன். வீட்டில மேசையில வச்சுப் பாக்க அந்தமாதிரி வேலை செய்தது. தோட்டத்தில முதல் நாளே பிழைச்சுது. சித்தப்பா வாய்க்காலில கையை அலம்பிப்போட்டு ஈரத்தோட வந்து அமத்த, கையில இருந்து ஒரு சொட்டு கண்ணாடியில வழிஞ்சு 20 நிமிசம் எண்டு இருந்தது தன்ரபாட்டில 2 மணித்தியாலத்துக்குப் போச்சு. சாரத்தில துடைச்சுப்போட்டு திரும்ப அமத்தினார், கை முழுக்கக் காஞ்ச சேறு, அது அசையவே இல்லை. பக்கத்தில கிடந்த ஈர்க்கை எடுத்துக் குத்திப் பாத்தார், அதுக்கும் இல்லை. "உது என்னைக் கண்டா வேலை செய்யாதாம், உன்னைக் கண்டாத்தான் செய்யுமாம்" எண்டு சொல்லிப்போட்டு பழைய ஸ்விச்சடிக்குப் போட்டார்.

அதோட ரெசிஸ்டிவ் தான் எண்டு முடிவு. இது அமத்துற டச், ஈரக்கை, சேத்துக்கை, ஈர்க்கு, நகம், கையுறை எதுவெண்டாலும் பறவாயில்லை, அமந்தாச் சரி. ரெண்டு விரல் வச்சு பெரிசாக்கிற விளையாட்டெல்லாம் இதில ஏலாது, மேல இருக்கிற பிளாஸ்டிக் கீறுப்படும், ஆனா கிணத்தடியில ஆர் படம் பெரிசாக்கிப் பாக்கப்போகினம்.

ஆனா ரெசிஸ்டிவ் எண்டு முடிவெடுத்த உடன அடுத்த கேள்வி வரும். அந்த டச்சை மைக்ரோகன்ட்ரோலருக்கு, அதாவது பெட்டியை ஓட்டுற குட்டிக் கொம்பியூட்டர் சிப்புக்கு, எப்பிடிக் குடுக்கிறது? நாலு வயரையும் நேர அர்டுயினோ போர்டின்ட ஏ.டி.சில (வோல்டேஜை இலக்கமா மாத்துற பகுதி) குத்துறதா, எக்ஸ்.பி.டி.2046 மாதிரி ஒரு டச் சிப்பை நடுவில வைக்கிறதா, ரெண்டு வயரில கதைக்கிற ஐ.டு.சி சிப் ஒண்டு தேடுறதா, இல்லாட்டி எல்லாம் சேத்தே வாற மஞ்சள் போர்டை வாங்குறதா. அறிவியல் நகரில எஞ்சினியரிங் படிக்கிற ஒருத்தனிட்டக் கேக்க "சிப் போடு மச்சான், 12 பிட்" எண்டான். பதில் பிழையில்லை, ஆனா அவன் சொன்ன காரணம் பிழை எண்டது செய்து பாக்கேக்கதான் விளங்கிச்சுது.

முதல்ல அந்தக் கண்ணாடிக்குள்ள என்ன இருக்கு எண்டு பாப்பம், அது விளங்கினா மிச்சம் எல்லாம் லேசு. கீழ கண்ணாடி, மேல மெல்லிய பிளாஸ்டிக், ரெண்டிலயும் உள்பக்கமா கரண்ட் பாயிற மாதிரி ஒரு பூச்சு, கண்ணுக்குத் தெரியாது, நடுவில குட்டிக்குட்டிப் புள்ளிகள் ரெண்டையும் முட்டாமப் பிரிச்சு வச்சிருக்கும். ஒரு தட்டுக்கு இடமும் வலமும் ரெண்டு வயர், மற்றத் தட்டுக்கு மேலயும் கீழயும் ரெண்டு வயர், மொத்தம் நாலு. ஒரு தட்டின்ட ஒரு கரைக்கு 5 வோல்ட், மற்றக் கரைக்கு பூச்சியம் குடுத்தா அந்தத் தட்டு முழுக்க வோல்டேஜ் படிப்படியாக் குறைஞ்சு போகும், வயலில வரம்புக்கு வரம்பு தண்ணி இறங்கிற மாதிரி. நீங்க அமத்துற இடத்தில மேல் தட்டு கீழ் தட்டில முட்டும், மற்றத் தட்டின்ட வயரில அந்த இடத்து வோல்டேஜ் வரும். அதை அளந்தா எக்ஸ் (இடம்-வலம்). பிறகு ரெண்டு தட்டையும் மாத்திப் பிடிச்சு அளந்தா வை (மேல்-கீழ்). இவ்வளவுதான் சங்கதி, இதுக்குள்ள எந்த மந்திரமும் இல்லை. அதால சிப் இல்லாமலும் செய்யலாம் எண்டு சொல்லுறது பொய்யில்லை.

சரி, நேர ஏ.டி.சில குடுக்கிற வழி. நாலு பின் வேணும், அதில ரெண்டு அனலொக் (வோல்டேஜ் அளக்கக்கூடியது), ரெண்டு சும்மா டிஜிட்டல் காணும். அர்டுயினோ ஊனோ போர்டில இது உண்மையிலேயே நல்லா வேலை செய்யுது. தட்டின்ட ரெசிஸ்டன்ஸை மல்டிமீட்டரில அளந்து பாருங்கோ, அநேகமா சில நூறு ஓம் வரும், 300 எண்டு வச்சா 5 வோல்டுக்கு 17 மில்லி அம்பியர் அளவில பாயும், ஊனோவின்ட பின் அதைத் தாங்கும். ஒரு தரம் வாசிக்க 0.1 மில்லி செக்கன் அளவு, எக்ஸ், வை, அமத்தின அளவு மூண்டையும் நாலைஞ்சு தரம் வாசிச்சாலும் கண் இமைக்கிற நேரத்துக்குள்ள முடியும்.

இப்ப அந்த 12 பிட் கதைக்கு வருவம். ஊனோவில 10 பிட், எண்டா 1024 படி. கரைகள் வீணாப்போறதால ஒரு 800 படி அளவு கைக்கு வரும் எண்டு வைப்பம், ஸ்க்ரீன் நீளப்பாட்டுக்கு 320 புள்ளி, ஒரு புள்ளிக்கு ரெண்டரைப் படி. சித்தப்பாட பெருவிரல் எத்தினை புள்ளியை மூடும் எண்டு நினைக்கிறீங்கள்? ஒரு அம்பது புள்ளியை ஒரேயடியா மூடும். அதுக்கு 12 பிட்டில 4096 படி வந்தாலும் ஒண்டுதான் 1024 வந்தாலும் ஒண்டுதான். கையெழுத்துப் போடுற பெட்டி, படம் கீறுற பெட்டி எண்டா வேற கதை. பட்டன் அமத்துறதுக்கு பிட் எண்ணிக்கையைப் பாத்து சிப் வாங்காதேங்கோ.

நேர் வழியில இன்னொரு நன்மை ஊனோவில இருக்கு, தட்டுக்குக் குடுக்கிற 5 வோல்டும் ஏ.டி.சி ஒப்பிட்டுப் பாக்கிற 5 வோல்டும் ஒண்டுதான், சப்ளை 4.7க்கு இறங்கினாலும் ரெண்டும் சேந்து இறங்கும், கணக்கு மாறாது. ராஸ்பெரி பை பிக்கோவிலயும் அப்பிடித்தான், அங்க ஏ.டி.சியும் 3.3 வோல்டைத்தான் பாக்குது, பின்னின்ட டிரைவ் பலத்தை (அது வெளிய குடுக்கக்கூடிய கரண்டை) மட்டும் 12 மில்லி அம்பியருக்கு உயத்தி விடுங்கோ, சும்மா விட்டா 4இல நிக்கும், தட்டுக்குப் போற வோல்டேஜ் சோந்துபோகும்.

வைஃபையோட வாற ஈ.எஸ்.பி.32 போர்டிலதான் இந்த வழி மாட்டும், எங்களில முக்கால்வாசிப் பேர் இப்ப அதைத்தான் வச்சிருக்கிறம். அதின்ட ஏ.டி.சி நேர்கோடா இல்லை, மேல் கரையில 3.3 வோல்ட் வரமுதலே நிரம்பிப்போகும், ஒப்பிட்டுப் பாக்கிறதும் தன்ர உள் வோல்டேஜை, சப்ளையை இல்லை. அதோட வைஃபை ஓடேக்க ரெண்டாவது ஏ.டி.சி பக்கமே போக ஏலாது. முதலாவது ஏ.டி.சியில இருக்கிற பின் 32 இலிருந்து 39 வரைக்கும், அதில 34உம் அதுக்கு மேல உள்ளதெல்லாமும் உள்ள எடுக்க மட்டும்தான், வெளிய வோல்டேஜ் குடுக்காது, இங்கயோ எங்களுக்கு ஒரே பின்னால குடுக்கவும் வேணும் அளக்கவும் வேணும். எண்ணிப் பாருங்கோ, மிஞ்சிறது 32உம் 33உம் மட்டும். ரெண்டுதான் வேணும், ரெண்டுதான் இருக்கு, அதையும் டச்சுக்குக் குடுத்திட்டா மோட்டர் லைனின்ட வோல்டேஜ் பாக்கிறது, மண்ணின்ட ஈரம் பாக்கிறது எல்லாத்தையும் அந்த உள்-மட்டும் பின்களில ஒதுக்கோணும். ஏலும், ஆனா ஏன் இந்தக் கஸ்ரம்.

ஊனோக்காரருக்கும் ஒரு பொறி இருக்கு. ஊனோக்கு மேல அப்பிடியே குத்துற 2.4, 2.8 இஞ்ச் ஸ்க்ரீன் பலகை, ஷீல்ட் எண்டு சொல்லுறது, வருது தானே, அதில டச்சின்ட நாலு வயரும் ஸ்க்ரீனின்ட வயர்களோட ஒரே பின்னைப் பங்கு போடும். டச்சை வாசிச்சு முடிய அந்தப் பின்களைத் திரும்ப அவுட்புட்டா மாத்தி விடாட்டி அடுத்த தரம் எழுதேக்க ஸ்க்ரீன் ஒண்டும் காட்டாது. ஸ்க்ரீன் செத்துப்போச்சு எண்டு நான் ஒரு நல்ல ஷீல்டைக் கழட்டி லாச்சிக்குள்ள போட்டு வச்சிருந்தனான், ஒரு மாசத்துக்குப் பிறகுதான் ரெண்டு வரி கோட் விடுபட்டது தெரிஞ்சுது. எது எந்தப் பின் எண்டதும் ஷீல்டுக்கு ஷீல்ட் மாறும், அளந்து பாக்காம ஒருத்தர் போட்டதை அப்பிடியே கொப்பி பண்ணாதேங்கோ.

அடுத்தது எக்ஸ்.பி.டி.2046. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின்ட ஏ.டி.எஸ்.7846 எண்ட பழைய சிப்போட ஒத்துப்போற சீனச் சிப், அதுக்கு எழுதின கோட் இதுக்கும் ஓடும். எஸ்.பி.ஐ (சிப்புகள் சில வயரைப் பங்கு போட்டுக் கதைக்கிற முறை) ஸ்க்ரீன் மொடியூல் வாங்கினா பின்னுக்கு 14 கால் இருக்கும், ஒன்பது ஸ்க்ரீனுக்கு, அஞ்சு டச்சுக்கு, டி எண்டு தொடங்கிற பேர் போட்ட அஞ்சும் இந்தச் சிப்புக்குத்தான். டச்சுள்ள மொடியூல் எண்டு பாத்து வாங்கினா சிப் அதிலேயே ஒட்டி வரும், சிலதில கால் மட்டும் இருக்கும் சிப் இருக்கிற இடம் வெறுமையா இருக்கும், கூரியரில எடுப்பிக்க முதல் பின்பக்கப் படத்தை ஒருக்காக் கேட்டு வாங்கிப் பாருங்கோ.

இந்தச் சிப்பின்ட உண்மையான பெறுமதி பிட்டில இல்லை, மூண்டு வேற விசயத்தில. ஒண்டு, தட்டுக்குக் குடுக்கிற வோல்டேஜையே ஒப்பிட்டு அளக்கும், ஈ.எஸ்.பி.32இன்ட கோணல் ஏ.டி.சிக்கு வேலையே இல்லை. ரெண்டு, உங்கட அனலொக் பின் எல்லாம் மிஞ்சும், எஸ்.பி.ஐ வயரை ஸ்க்ரீனோட பங்கு போட்டா புதுசாத் தேவைப்படுறது தெரிவு செய்யிற கால் ஒண்டும் விரும்பினா ஐ.ஆர்.கியூ காலும்தான். மூண்டாவதுதான் எனக்கு மிச்சம் பிடிச்சது, அந்த ஐ.ஆர்.கியூ. ஆரும் அமத்தாம இருக்கும்வரை சிப் நித்திரை, அமத்தின உடன அந்தக் கால் பூச்சியத்துக்கு இறங்கும், சோலார் பட்டரியில ஓடுற பெட்டி எண்டா மைக்ரோகன்ட்ரோலரையும் சேத்து நித்திரையாக்கி வச்சுப்போட்டு இதால எழுப்பலாம்.

கேக்கிற முறையும் லேசு, ஒரு பைட் அனுப்பினா 12 பிட் திரும்பி வரும். 11010000 அனுப்பினா ஒரு அச்சு, 10010000 அனுப்பினா மற்ற அச்சு. கடைசி ரெண்டு பிட்டும் பூச்சியமா இருக்கோணும் எண்டதை மறக்காதேங்கோ, கடைசிப் பிட் 1 எண்டு விட்டா ஐ.ஆர்.கியூ வேலை செய்யாது, நான் பாத்த சில கோட்டுகளில இந்தப் பிழை இருந்தது. அளக்கேக்கயும் அந்தக் கால் சும்மா ஆடும், அந்த நேரம் அதால வாற இன்டரப்டை (எழுப்புற சைகை) கணக்கெடுக்காதேங்கோ.

இடைஞ்சலும் இல்லாம இல்லை. ஸ்க்ரீனுக்கு 40 மெகாஹேர்ட்ஸில தள்ளலாம், இந்தச் சிப் 2.5க்கு மேல போனா உளறும், அதால டச் வாசிக்க முதல் வேகத்தை இறக்கி வாசிச்சு முடிய ஏத்தோணும், நல்ல லைப்ரரி (ஆரோ எழுதி வச்ச கோட்) எண்டா அதுவே செய்யும். ரெண்டாவது, சில மொடியூலில ஸ்க்ரீன் தன்ர முறை இல்லாத நேரமும் மிசோ வயரை (சிப்பில இருந்து பதில் வாற வயர்) விடாமப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், டச் சொல்லுறது ஒண்டும் கேக்காது, எந்த இடத்தை அமத்தினாலும் ஒரே இலக்கம் வரும். ஸ்க்ரீனில இருந்து ஒண்டும் வாசிக்கப்போறதில்லை எண்டா அதின்ட எஸ்.டி.ஓ காலை (பதில் வெளிய வாற கால்) கழட்டி விடுங்கோ, டச்சின்டதை மட்டும் மிசோவில குடுங்கோ, முடிஞ்சுது. மூண்டாவது ஊனோக்காரருக்கு: இந்த மொடியூல்களின்ட சிக்னல் கால்கள் 3.3 வோல்டுக்கு, சப்ளைக் காலுக்கு 5 குடுக்கலாம் எண்டு எழுதியிருக்கிறதைப் பாத்து சிக்னலுக்கும் 5 குடுக்காதேங்கோ, நடுவில வோல்டேஜ் இறக்கிற சிப் ஒண்டு வேணும். அந்த வேலையையும் சேத்துப் பாத்தா ஊனோக்கு ஷீல்டும் நேர் ஏ.டி.சியும்தான் லேசு எண்டு நான் சொல்லுவன்.

ஐ.டு.சி சிப்புகளைப் பத்தி அதிகம் சொல்லத் தேவையில்லை. டி.எஸ்.சி.2007 ரெண்டு வயரில முடியும், 3.6 வோல்டுக்கு மேல குடுக்க ஏலாது, 12 பிட், பழைய மெசின் ஏதாவதில இருந்து கழட்டின வெறும் டச் கண்ணாடி, நாலு கோடு உள்ள வால் மட்டும் தொங்கிற மாதிரி ஒண்டு, கையில இருக்கெண்டா இது நல்லது. எஸ்.டி.எம்.பி.இ.610 எண்டது அளந்ததைத் தனக்குள்ள 128 வரைக்கும் வரிசையாச் சேத்து வச்சிருந்து கேக்கேக்க தரும், மைக்ரோகன்ட்ரோலர் வேற வேலையில மினக்கெட்டாலும் தொட்டது தவறாது. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கிளிநொச்சியில இருந்துகொண்டு தனிச் சிப்பைத் தேடி எடுப்பிச்சு, அந்தச் சின்னக் காலை ஈயம் வச்சு ஒட்டி, ஒரு பட்டன் அமத்துறதுக்கு இது எனக்கு வேண்டாம்.

மஞ்சள் போர்ட் எண்டது ஈ.எஸ்.பி.32, 2.8 இஞ்ச் ஸ்க்ரீன், எக்ஸ்.பி.டி.2046 மூண்டும் ஒரே பலகையில வாறது, 2432எஸ்028ஆர் எண்டு பேர், கடைசி ஆர் எண்டா ரெசிஸ்டிவ். வயர் ஒண்டும் குத்தத் தேவையில்லை, கழண்டு விழவும் ஒண்டும் இல்லை, தோட்டத்துப் பெட்டிக்கு அது பெரிய விசயம். இதில டச்சுக்கு ஸ்க்ரீனோட பங்கு போடாத தனி வயர்: கிளொக் 25, மோசி (சிப்புக்கு அனுப்புற வயர்) 32, மிசோ 39, தெரிவு 33, ஐ.ஆர்.கியூ 36. அதால ஸ்க்ரீனுக்குப் போடுற டி.எஃப்.டி ஈ.எஸ்.பி.ஐ லைப்ரரிக்குள்ள இருக்கிற டச் பகுதி இதில சரிவராது, அது ரெண்டும் ஒரே வயரில எண்டு நினைச்சு எழுதினது, டச்சுக்கு வேற லைப்ரரி போட்டு இந்தப் பின்களைச் சொல்லிக் குடுக்கோணும். ஆக்கள் "டச் வேலை செய்யுதில்லை, போர்ட் பழுது" எண்டு திருப்பி அனுப்புறதில பாதி இதாத்தான் இருக்கும் எண்டு எனக்கொரு சந்தேகம். மற்றது, வெளிய எடுக்கக்கூடிய பின் மிச்சம் குறைவு. 22, 27, 35 தான் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ, அதில 35 உள்ள எடுக்க மட்டும். ஒரு ரிலே (சின்னக் கரண்டால போட்டு நிப்பாட்டுற ஸ்விச்), ஒரு சென்சர் எண்டா தாராளம். ஆறு வயலுக்கு ஆறு வால்வ் எண்டா வேற பாருங்கோ.

நான் சித்தப்பாக்குப் போட்டது இந்த மஞ்சள் போர்ட்தான், 22இல ரிலே, ரிலேயால மோட்டரின்ட கொன்டாக்டர் (மோட்டரின்ட கரண்டைத் தாங்கிற பெரிய ரிலே). நிப்பாட்டுறதுக்கு மட்டும் ஸ்க்ரீனை நம்பேல்லை, பெட்டிக்குப் பக்கத்தில சிவப்பு நிறத்தில பெரிய பட்டன், நேர கொன்டாக்டர் கொயிலின்ட வயரை வெட்டுறது, அதுக்கு மைக்ரோகன்ட்ரோலரைக் கேக்கத் தேவையில்லை. கோட் தொங்கினாலும் மோட்டர் நிக்கும். எந்த வழியைத் தெரிஞ்சாலும் இதில மட்டும் கஞ்சத்தனம் காட்டாதேங்கோ.

எந்த சிப் எண்டாலும் அளவு ஒத்துப்பாக்கிற வேலை இருக்கு, அதை ஒருத்தரும் தவிர்க்க ஏலாது. சிப்பில இருந்து வாறது 300 இலிருந்து 3800 வரைக்கும் ஏதோ ஒரு இலக்கம், ஸ்க்ரீனின்ட புள்ளி இல்லை, சில நேரம் இடம் வலமா வலம் இடமா இருக்கும். மூண்டு இடத்தில சிலுவை கீறி அமத்தச் சொல்லி, அந்த மூண்டையும் வச்சுக் கணக்குப் பாத்தா சரிவு, இழுவை எல்லாம் சேத்துத் திருத்தலாம். கணக்கை மெமரியில எழுதி வையுங்கோ, கரண்ட் போய் வாற ஒவ்வொரு தரமும் கமக்காரனைச் சிலுவை அமத்த வைக்காதேங்கோ. ஒவ்வொரு தொடுகைக்கும் அஞ்சு தரம் வாசிச்சு வரிசைப்படுத்தி நடு இலக்கத்தை எடுங்கோ, விரலை எடுக்கிற அந்தக் கடைசிக் கணத்தில வாற இலக்கம் எங்கயோ பாயும், அமத்தின அளவு குறைஞ்சா அந்த இலக்கத்தைத் தூக்கி எறியுங்கோ.

எனக்கு வந்த வில்லங்கம் ரெண்டு. பெட்டியைச் சுவரில பூட்டி மூடியை இறுக்கின உடன ஆரும் தொடாமலே ஸ்க்ரீன் தன்ரபாட்டில அமந்துகொண்டு நிண்டுது. சிப் பிழையோ, லைப்ரரி பிழையோ எண்டு ரெண்டு நாள் தலையைப் பிச்சன், பிறகு மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாத்தா எல்லாம் சரி. நான் வெட்டின சதுரம் சின்னன், அந்தக் கரை பிளாஸ்டிக்கை அமத்திக்கொண்டு நிண்டிருக்கு. அரத்தால ஒரு மில்லிமீற்றர் சுத்திவர அராவி விட்டன், ஓட்டையில சும்மா ஒரு ஃபோன் ஸ்டிக்கர் ஒட்டி விட்டன், கச்சான் காத்துக்கு வாற புழுதி உள்ள போகாது, கீறலும் அந்த ஸ்டிக்கரில விழட்டும், அது பழுதானா உரிச்சுப்போட்டு வேற ஒண்டு. மற்றது, கொன்டாக்டர் விழுற "டக்" நேரம் ஒரு பொய்த் தொடுகை வந்து மோட்டர் உடன திரும்ப எழும்பிச்சுது. அதுக்கு கொயிலில ஸ்னபர் (திடீரெண்டு பாயிற வோல்டேஜை விழுங்கிறது) போட்டு, ஓடு எண்ட பட்டனை அரைச் செக்கன் அமத்திப் பிடிச்சாத்தான் ஏற்கும் எண்டு கோட்டையும் மாத்தினன்.

இப்ப சித்தப்பா ஸ்க்ரீனை விரலால தொடுறதில்லை. பெட்டிக்கு மேல ஒரு ஈர்க்குத் துண்டு சொருகி வச்சிருக்கிறார், அதால குத்தி நேரம் வைக்கிறார், விரல் எண்டா தடிப்பாம், 20க்குப் பதிலா 30இல படுதாம். பட்டனைப் பெரிசாக்கித் தாறன் எண்டன், வேண்டாம் இது நல்லாருக்கு எண்டார். மாங்குளத்தில ஒரு அண்ணை தன்ர கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டிக்கு ஒண்டு கேட்டிருக்கிறார், அவரிட்ட பழைய ஊனோ ஒண்டு சும்மா கிடக்காம், வைஃபையும் வேண்டாமாம். அதுக்கு லாச்சிக்குள்ள கிடக்கிற அந்த ஷீல்டைத்தான் போடப்போறன், நேர ஏ.டி.சில.